அண்டி ஆபீஸுக்குப் போன நான்காம் பாகம்

போன மாதம் நூலகத்துக்குப் போயிருந்தேன். மேசையில் இருந்த பெண் என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "இனிமே இந்த ஒரே அட்டையை வச்சு எந்த ஊர் கிளையிலயும் நீங்க புத்தகம் எடுக்கலாம்மா, புது ஏற்பாடு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். பின்னால் நாலைந்து பேர் நின்றதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. "வீட்டுல இருந்து எழுதித் தாங்களேன்" என்றாள் அவள். எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. மார்த்தாண்டத்துக்கு மேற்கே பனவிளை எங்கள் ஊர். மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்திருந்தேன். டீச்சர் பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. ஊர் வாசகசாலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். திருவனந்தபுரத்தில் சில வாரம் வகுப்பு நடத்தி, புத்தகத்துக்கு எண் போடவும், முத்திரை குத்தவும், தேதிச் சீட்டு ஒட்டவும், கறையான் வராமல் பார்க்கவும் கற்றுத் தந்தார்கள். அவ்வளவுதான் என் படிப்பு. மீதியெல்லாம் தேவதாசன் அண்ணனிடம் படித்தது.

தேவதாசன் அண்ணன் எங்கள் வாசகசாலைச் செயலாளர். பிழைப்புக்குச் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையும் வாசகசாலையும் ஒரே கட்டடம், நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்கும், இந்தப் பக்கம் நாங்கள் பத்திரிகை வாசிப்போம். புதுப் புத்தகம் வந்தால் உடனே தொட மாட்டார். மண்ணெண்ணெயில் கையைத் துடைத்து, தேங்காய்ச் சகிரி நாரால் தேய்த்து, சோப்புப் போட்டு, வெயிலில் கையை நீட்டி உலர்த்திவிட்டுத்தான் வருவார். பிறகு புத்தகத்தின் முதுகை மேசையில் நிறுத்தி, முன்னால் நாலு தாள், பின்னால் நாலு தாள் என்று மாறிமாறி விரித்து, விரலால் நீவி விடுவார். நேராக நடுவில் பிளந்தால் தையல் விட்டுப்போகும் என்பது அவர் கணக்கு. டயர் சுற்றி வரும் பழுப்புத் தாள்தான் எங்கள் எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை. ஒருமுறை முதுகு விட்ட அகராதி ஒன்றுக்குப் பஞ்சர் ஒட்டும் பசையைப் போட்டார். அறையில் ஒரு வாரம் அந்த நாற்றம் இருந்தது, அகராதியோ கடைசிவரை பிரியவில்லை.

அவருக்கு 'முடியாது' என்ற சொல் வராது. யார் என்ன கேட்டாலும் "பாப்போம்" என்பார். சொல்லிவிட்டு உண்மையிலேயே பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நான் வாசகசாலையைத் திறந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள். பெயர் தாயம்மை என்றும், பாலத்தடி அண்டி ஆபீஸில் வேலை என்றும் சொன்னாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"டீச்சரே, கொறச்சு காரியம் பறையணும்" என்றாள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னாலும் சரி, வாசகசாலையில் புத்தகம் கொடுத்தாலும் சரி, படித்த பெண் ஊருக்கு டீச்சர்தான்.

"சொல்லுங்க."

"நான் வேலை களிஞ்சு நடந்து வாறதுக்குள்ள நீங்க பூட்டிட்டுப் போயிருவிய. பாலத்தடி வாயனசாலைக்க முன்னாலதான் தெனமும் வாறேன். அப்ப அது தொறந்துதான் கெடக்கும். கேட்டா, வேற ஊருக்காரிக்குப் புஸ்தகம் இல்லண்ணு பறையினாவ. எனக்க ஊரு வாயனசாலை இதுதானே? நீங்க ஒரு வார்த்த அவியளுக்கு எழுதித் தந்தா ஆவாதா?"

அந்தக் காலத்தில் ஒரு வாசகசாலையின் புத்தகம் வேறு ஊர்க்காரருக்கு வேண்டுமானால், நாங்கள் அவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர்கள் கமிட்டி கூடி முடிவு செய்து, யாராவது வரும்போது கொடுத்தனுப்புவார்கள். புத்தகம் வருவதற்குள் கேட்டவருக்கே ஆசை விட்டுப்போயிருக்கும். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சக்கரம் நின்றது. தேவதாசன் அண்ணன் தலையை நீட்டினார்.

"ஆளு நேரா போயி எடுத்தா என்ன?" என்றார்.

"அவங்க தரமாட்டாங்களே அண்ணே."

"பாப்போம்."

அடுத்த தாலுகா வாசகசாலைக் கூட்டத்தில் அவர் எழுந்து, சுற்றுவட்டத்து வாசகசாலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் அட்டை போட வேண்டும் என்றார். ஓர் ஊரில் உறுப்பினரானவர் அந்த அட்டையைக் காட்டி எந்த ஊரிலும் நேராகப் புத்தகம் எடுக்கலாம், எடுத்த இடத்திலோ சொந்த ஊரிலோ திருப்பிக் கொடுக்கலாம். பாலத்தடி வாசகசாலைச் செயலாளர் ஆசீர்வாதம் சார் மட்டும் குறுக்கே கேட்டார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை ஜிப்பாவில் ஒரு மடிப்புக் கலையாது. தேவதாசன் அண்ணன் சின்ன வயதில் அவரிடம் பாடம் படித்தவர்.

"புத்தகம் சேதமானால் யார் பொறுப்பு?"

"அட்டை குடுத்த வாயனசாலை சாறே. எங்க ஆளு கெடுத்தா நாங்க பொறுப்பு."

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் சார். எழுதிக்கொண்டார்கள்.

அட்டைகளை நான்தான் தயாரித்தேன். மஞ்சள் நிறக் கனத்த தாள். ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் மலையாளத்தில் பெயரும் ஊரும். கடைத்தெருவில் தமிழா மலையாளமா என்று பேச்சு சூடாக இருந்த வருஷங்கள் அவை. அதனால் எந்தப் பக்கத்தையும் முன்பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் அட்டை தாயம்மைக்கு. கொடுக்கும்போதுதான் அவள் கையை முன்னால் நீட்டினாள். விரல்கள் கரிபிடித்த மாதிரி இருந்தன, நகக்கண் வெடித்திருந்தது. வறுத்த கொட்டையை மரச்சுத்தியால் தல்லி உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். சாம்பலும் தேங்காயெண்ணெயும் பூசித்தான் அந்தப் பெண்கள் வேலை செய்வார்கள்.

அவள் எடுத்தது ஒரு நீண்ட கதை, நாலு பாகம். கப்பல்காரன் மகள் நீலவேணி என்பவளைப் பற்றியது. அது பாலத்தடியில் இருந்தது, எங்களிடம் இல்லை. முதல் பாகம் முடிந்து இரண்டாவது, இரண்டாவது முடிந்து மூன்றாவது என்று எடுத்துக்கொண்டே போனாள். அவளைப் பார்த்து அண்டி ஆபீஸிலிருந்து இன்னும் சிலர் வந்து அட்டை வாங்கினார்கள். பதிவேட்டில் இவ்வளவு பெண்கள் பெயர் இருப்பது தாலுகாவிலேயே எங்கள் பனவிளை வாசகசாலையில்தான் என்று நான் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஆசீர்வாதம் சார் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் துணிப்பை. மேசை முன்னால் நின்று, அவள் திருப்பிக் கொடுத்த முதல் இரண்டு பாகத்தையும் எடுத்து வைத்தார். ஒன்றை விரித்தார். வலது மூலையில் பெருவிரல் அளவுக்கு ஒரு கறுப்புத் தடம். அடுத்த தாளிலும் அதே இடத்தில். அவர் மெதுவாகப் புரட்டிக்கொண்டே போனார். ஒரு தாளும் தப்பவில்லை.

"எமிலி, இதை நீ பார்த்தாயா?"

"இல்லை சார்."

"இந்தப் புத்தகங்களுக்காக நான் வீடு வீடாகப் படியேறியிருக்கிறேன். கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன், துக்க வீட்டில்கூடக் கேட்டிருக்கிறேன். இனி இதை யார் கையில் எடுப்பார்கள்?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தேவதாசன் அண்ணன் தடுப்பைத் தாண்டி வந்து, பழைய வாத்தியார் முன்னால் நிற்பது போலவே நின்றார். கையெல்லாம் கிரீஸ்.

"தேவதாசா, அண்டி ஆபீஸ் பெண்களுக்கு இந்த அட்டை செல்லாது என்று எழுதித் தா. இல்லையென்றால் பாலத்தடி இந்த ஏற்பாட்டிலிருந்து விலகும். நாங்கள் விலகினால் மற்றவர்களும் விலகுவார்கள். உனக்கே தெரியும்."

தெரியும். தாலுகாவில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள். அவர் கேட்டதிலும் தப்பில்லை, தாயம்மை பேரிலும் தப்பில்லை. நான் என்ன சொல்ல?

தேவதாசன் அண்ணன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாப்போம் சாறே. நாளைக்கு மத்தியானம் அங்கோட்டு போயி, அதுக்கப்பொறம் எழுதுவோம். நீங்களும் வரணும்" என்றார்.

மறுநாள் மூவரும் போனோம். ஆபீஸ் மேஸ்திரிக்குச் சைக்கிள் கடையில் பழக்கம் உண்டு, அதனால் உள்ளே விட்டார். முற்றத்தில் ஒரு பெரிய அயினி மரம். கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டு முடித்து, பெண்கள் நிழலில் வட்டமாக இருந்தார்கள். நடுவில் தாயம்மை. மூன்றாம் பாகம் மடியில். அவள் வாசித்துக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் படிக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் புத்தகத்தை அத்தனை பேர் படித்திருந்தார்கள்.

சாரைப் பார்த்ததும் அவள் எழுந்து புத்தகத்தை முந்தானையால் துடைத்தாள். துடைத்ததில் தடம் இன்னும் பரவியது.

தேவதாசன் அண்ணன் பையிலிருந்து மண்ணெண்ணெய்ப் புட்டியும் சகிரியும் சோப்பும் எடுத்தார். அதுதான் அவர் கொண்டுவந்த வைத்தியம். தாயம்மை கையில் மண்ணெண்ணெய் பட்டதும் வெடிப்பில் எரிந்து, அவள் பல்லைக் கடித்தாள். அவர் உடனே நிறுத்திவிட்டார். "இது போவாது சாறே. எனக்க கையில அழுக்குதான் மேல ஒட்டிக் கெடக்கு. இவியளுக்குத் தோலே இப்பிடி ஆயிப்போச்சு" என்றார்.

தாயம்மை புத்தகத்தைச் சாரிடம் நீட்டினாள்.

"சாறே, பாதியில நிக்கு. புயலடிச்சு நீலவேணிக்க கப்பலு எங்க போச்சுண்ணு இவளுவளுக்குத் தெரியாது. மணியடிக்க இன்னும் நேரமிருக்கு. உங்க கை சுத்தமாட்டுதானே இருக்கு. நீங்க வாசிங்களேன்."

மேஸ்திரி ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். ஆசீர்வாதம் சார் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். சுத்தமான உச்சரிப்பு. ழகரமும் ளகரமும் பிசகாது. காற்புள்ளியில் நின்றார், முற்றுப்புள்ளியில் அதைவிட அதிகமாக நின்றார். ஒரு பக்கம் முடிவதற்குள் இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். வயதான ஒருத்தி, பொன்னம்மை என்று பெயர், கையைக் கூப்பிக்கொண்டு சொன்னாள்:

"சாறு கோவிச்சுக்கப்பிடாது. நீங்க வாசிச்சா நீலவேணி பள்ளிக்கூடத்துல நிக்கியது மாதிரி இருக்கு. தாயம்மை வாசிச்சா கப்பல்ல நிக்கியா."

நான் பயந்துபோனேன். சார் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. ஸ்டூலைத் தாயம்மை பக்கம் நகர்த்திப் போட்டு, புத்தகத்தை இரண்டு கையாலும் விரித்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"வாசி. தாளை நான் திருப்புகிறேன்" என்றார்.

அவள் வாசித்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், அங்கங்கே சொல் தட்டியது. ஆனால் புயல் வந்தபோது குரல் தாழ்ந்து, பாய்மரம் முறியும்போது இவள் கையும் சேர்ந்து சரிந்தது. பக்கத்தின் கடைசி வரிக்கு வந்ததும் தலையை அசைப்பாள், சார் திருப்புவார். முதலில் தாமதமாகத் திருப்பினார். போகப்போக அவள் தலையசைக்கும் முன்பே அவர் விரல் தாளுக்கடியில் போய்விட்டது. மணி அடித்தபோது கப்பல் இன்னும் கரைக்கு வரவில்லை. பெண்கள் எழுந்து போனார்கள். சார் மட்டும் அடுத்த பக்கத்தை வாசித்துக்கொண்டு ஸ்டூலிலேயே இருந்தார்.

பஸ்ஸில் பனவிளைக்கு வந்து இறங்கியதும் தேவதாசன் அண்ணன் கடைக்குள் போனார். வளைந்த ஒரு சைக்கிள் ஸ்போக்கை எடுத்து, பேனா நீளத்துக்கு நறுக்கி, அடியில் மரக்கட்டை ஒன்றைப் பிடியாகச் சொருகினார். முனையைத் தட்டி மழுங்கடித்து, அதன்மேல் வால்வு டியூப் ரப்பரைத் துண்டாக வெட்டி மாட்டினார். என் மேசைக்கு வந்து, எங்கள் பழைய அகராதியின் தாளை அதன் முனையால் தொட்டு இழுத்தார். தாள் ரப்பரோடு ஒட்டிக்கொண்டு அழகாகத் திரும்பியது. விரலே படவில்லை. அதோடு புத்தகத்தை நிறுத்தி வைக்கச் சாய்வுப் பலகை ஒன்றும் அடித்தார்.

"பிள்ளே எமிலி, சாறுக்குக் கொண்டு காட்டுவோம். நாளைக்கே போணும்" என்றார்.

ஆசீர்வாதம் சார் அந்தக் கோலை வாங்கித் தன் மேசையில் ஏதோ ஒரு புத்தகத்தில் பல தடவை பரீட்சித்தார். வேகமாகத் திருப்பிப் பார்த்தார், மெல்லிய தாளில் பார்த்தார். கடைசியில், "இன்னும் சில செய்து கொடு. ஒவ்வொரு அட்டைக்கும் ஒன்று" என்றார். விலகுவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை. பிறகு வந்த மாதங்களில் பாலத்தடி வாசகசாலையில் சாயங்காலம் அண்டி ஆபீஸ் பெண்கள் மஞ்சள் அட்டையும் ஸ்போக் கோலுமாக வரிசையில் நிற்பார்கள். அவர்களைப் பார்த்து மணவாளக்குறிச்சிப் பக்கத்து வாசகசாலை ஒன்று வலை பின்னுகிறவர்களுக்கு அட்டை கொடுத்தது. எங்கள் ஏற்பாட்டில் சேருகிறோம் என்று அஞ்சுகிராமத்திலிருந்துகூடக் கடிதம் வந்தது. அவ்வளவு தூரம் யார் நேரில் போய்ப் புத்தகம் எடுப்பார்கள் என்று தேவதாசன் அண்ணனிடம் கேட்டேன். "பாப்போம்" என்றார். அஞ்சுகிராமத்தில் மகளைக் கட்டிக்கொடுத்த ஒருவர் வருஷம் முழுக்க எடுத்தார்.

ஆனால் தாயம்மைக்கு நான்காம் பாகம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அது வெளியே போயிருக்கிறது என்று பாலத்தடியில் சொன்னார்கள். யாரிடம் என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு சனிக்கிழமை ஆசீர்வாதம் சார் மறுபடியும் துணிப்பையோடு வந்தார். பையிலிருந்து நான்காம் பாகத்தை எடுத்து வைத்தார். அது அவரிடமேதான் இருந்திருக்கிறது.

"முழுசும் வாசித்துவிட்டேன்" என்றார். அட்டையை நீவிக்கொண்டே, "கடைசியில் அந்தப் பெண் இறந்துபோகிறாள்" என்றார்.

"யாரு சாறே?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நீலவேணி. கரை தெரிகிற தூரத்தில் வந்து இறந்துபோகிறாள். தேவதாசா, அந்தப் பெண்கள் நாளெல்லாம் வெந்த கையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் இதை எப்படிக் கொடுப்பது? நான் கொடுக்க மாட்டேன். நான்காம் பாகம் தொலைந்துபோனது என்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?"

தன் புத்தகம் ஒன்றைத் தொலைந்ததாகச் சொல்ல அந்த மனிதர் துணிந்ததுதான் எனக்கு ஆச்சரியம். தேவதாசன் அண்ணன் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "நாளைக்கு ஞாயிறாச்சே, தாயம்மை இஞ்ச வருவா. அவகிட்டயே கேட்டுப் பாப்போம்" என்றார்.

மறுநாள் ஆராதனை முடிந்து அவள் வந்தாள். சாரும் வந்திருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், கதைகளில் துயரம் வருவதைப் பற்றி நீளமாக ஏதோ சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு,

"நீலவேணி சாவுறதைத்தானே பறையிய?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்? புத்தகம் என்னிடம் அல்லவா இருக்கிறது?"

"மார்த்தாண்டத்துல சந்தைக்குப் போனேன் சாறே. அங்க ஒரு வாயனசாலையில இந்த அட்டையைக் காட்டினேன், நாலாம் பாகத்தை எடுத்துத் தந்தாவ. எந்த வாயனசாலையிலயும் செல்லும்ணு நீங்கதானே பறஞ்சிய? வாங்கி ஒரு மாசம் ஆவப்போவுது."

"அப்படியென்றால் அவர்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டாயா?"

"வாசிச்சிட்டுத்தான் இருக்கேன். கொறச்சு கொறச்சாட்டு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாளு அரைப் பக்கம். அவளுவ கேட்டா, எழுத்து பொடியாட்டு கெடக்கு, கண்ணு தெரியல்லண்ணு பறைவேன்." அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "சாவத்தான் போறா, அதை நம்மளால மாத்த முடியாது. பைய வாசிச்சா இன்னும் கொறச்சு நாளு இருப்பா, இல்லியா சாறே?"

ஆசீர்வாதம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலையை ஆட்டினார்.

கடைசி அத்தியாயம் வாசித்த நாளில் அவர் அண்டி ஆபீஸுக்குப் போயிருந்தார். கோல் இருந்தும், தானே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டாராம். நான் போகவில்லை, வாசகசாலையைப் பூட்ட முடியாது. மேஸ்திரி வந்து சொன்னார்: மணி அடித்த பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை, மேஸ்திரியும் மறுபடி அடிக்கவில்லை. பொன்னம்மை வாய்விட்டு அழுதாளாம். அன்றைக்குத் தல்லிய கொட்டையில் பாதி நொறுங்கிப் போனது என்று மானேஜர் கத்தினாராம்.

மறுநாள் சாயங்காலம் பாலத்தடியில் நடந்ததைச் சாரே பிறகு எனக்குச் சொன்னார். தாயம்மை வந்து அட்டையை நீட்டினாள். பின்னால் பொன்னம்மையும் மற்றவர்களும் நின்றார்கள். அடுத்து எந்தக் கதை வேண்டும் என்று கேட்டு, அவர் தானே சில புத்தகங்களை எடுத்து வைத்தார். தாயம்மை ஒன்றையும் தொடவில்லை.

"இதையே மறுபடி தாங்க சாறே. ஒண்ணாம் பாகம்" என்றாள். "இப்ப அவ ஏழு வயசுப் பிள்ளை. கடலைக்கூடப் பாத்திருக்க மாட்டா."